டெலோமரேஸைத் தூண்டினால் இளமை நீளுமா, புற்றுநோய் வருமா?

கேள்வி இதுதான்: "டெலோமரேஸ் என்ற நொதியைத் தூண்டினால் செல்களுக்கு வயதாகாது என்கிறார்கள். அதே நொதி புற்றுநோய்க் கட்டிகளில் நிறைய இருக்கிறது என்றும் படித்தேன். அப்படியானால் அது நல்லதா, கெட்டதா? டெலோமியரை நீட்டும் மாத்திரை என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?"

மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன். நல்லதா கெட்டதா என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளம். டெலோமியர் என்பது குரோமோசோமின் முனை, டெலோமரேஸ் அந்த முனையை நீட்டும் நொதி. நான் புரிந்துகொண்டவரை, நம் உடம்பு பெரும்பாலான செல்களில் டெலோமரேஸை மூடி வைத்திருப்பது கோளாறால் நேர்ந்ததாகத் தெரியவில்லை. பெரிய உடம்போடு பல பத்தாண்டுகள் வாழும் ஓர் உயிரினம் புற்றுநோய்க்கு எதிராக வைத்திருக்கும் காவல்களில் அது ஒன்று. முதுமையில் ஒரு பங்கு, அந்தக் காவலுக்கு நாம் கொடுக்கும் விலை. ஒரு பங்குதான், முழுசும் இல்லை. இதை எங்கிருந்து சொல்கிறேன் என்று பார்ப்போம்.

செல்களுக்கு வயதாகும் என்பதையே 1960 வரை பெரும்பாலான உயிரியலாளர்கள் நம்பவில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் 1912-ல் கோழிக் கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். நோபல் பரிசு பெற்ற அறுவை மருத்துவர். அவர் சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அந்தத் திசு 1946 வரை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழியும் வரை, பெருகிக்கொண்டே இருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆகவே செல்லுக்கு இயல்பாகச் சாவு கிடையாது, சரியாகத் தீனி போட்டால் என்றென்றும் பெருகும் என்பதே பாடமாகிவிட்டது. வேறு ஆய்வகங்களில் அதை யாராலும் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. தீனியாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய செல்களும் அவ்வப்போது குடுவைக்குள் போயிருக்கும் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கம்.

பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதக் கருவின் இணைப்புத் திசு செல்களை வளர்த்தார்கள். குடுவை நிரம்பியதும் பாதியை எடுத்துப் புதுக் குடுவையில் விட வேண்டும். அது நிரம்பியதும் மறுபடியும். இப்படி ஏறத்தாழ 50 முறை இரட்டித்த பிறகு செல்கள் நின்றுவிட்டன. சாகவில்லை. மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன, ஆனால் பிரியவில்லை. "உங்கள் கரைசலில் ஏதோ கோளாறு, இல்லாவிட்டால் வைரஸ் புகுந்திருக்கும்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதற்கு அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பல முறை பிரிந்து ஓயும் நிலையில் இருந்த ஆண் செல்களையும், சில முறை மட்டுமே பிரிந்திருந்த பெண் செல்களையும் சம அளவில் ஒரே குடுவையில் கலந்தார்கள். தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் நின்றுபோன நேரத்தில், கலந்த குடுவையின் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். பெண் செல்கள் மட்டுமே பெருகிக்கொண்டிருந்தன. ஒரே கரைசல், ஒரே குடுவை, வைரஸ் இருந்தால் இரண்டுக்கும்தான் இருக்கும். ஆகவே எண்ணிக்கை செல்லுக்குள்ளேயே நடக்கிறது.

அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. நிராகரித்துக் கடிதம் எழுதியவர் பேட்டன் ரவுஸ், கோழிகளில் புற்றுநோய் வைரஸைக் கண்டுபிடித்த அதே ரவுஸ். வேறு இதழில் 1961-ல் வெளியானது. ஹேஃப்ளிக் வரம்பு என்று இன்று பாடப்புத்தகத்தில் வருவது அதுதான். அப்புறம் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. செல்களைப் பாதி வழியில் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கையைத் தொடர்கின்றன. நாள்காட்டி நாள்களைச் செல் எண்ணவில்லை, எத்தனை முறை பிரிந்தோம் என்பதையே எண்ணுகிறது.

எதை வைத்து எண்ணுகிறது? விடையை ஊகித்தவர் மாஸ்கோவில் இருந்த அலெக்சேய் ஓலோவ்னிகோவ். ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பு பற்றி ஓர் உரையைக் கேட்டுவிட்டு வந்து, மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பொறி தட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். 1971-ல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார், மேற்கே யாரும் கவனிக்கவில்லை. மறு ஆண்டே ஜேம்ஸ் வாட்சன், டிஎன்ஏ நகலெடுப்பில் இருக்கும் இதே சிக்கலைத் தனியாகச் சுட்டிக்காட்டினார்.

சிக்கல் இதுதான். டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி தானாக வெறும் இழையில் தொடங்காது. முதலில் ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டு அங்கே உட்கார வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நொதி நகரும், அதுவும் ஒரே திசையில். நகல் முடிந்ததும் ஆர்என்ஏ துண்டுகள் அகற்றப்படும். நடுவில் உண்டாகும் இடைவெளிகளை நிரப்பிவிடலாம், இழையின் கடைக்கோடியில் உண்டாவதை நிரப்ப வழியில்லை. கைத்தறியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாவின் கடைசித் துண்டை நெய்ய முடியாது. விழுதும் அச்சும் நிற்க இடம் வேண்டுமே. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் குரோமோசோமின் ஓரத்தில் அப்படிக் கொஞ்சம் விட்டுப்போகிறது. இழையின் முனையைச் செல் வேண்டுமென்றே கொஞ்சம் சீவியும் விடுகிறது. எல்லாம் சேர்த்து மனிதச் செல்லில் ஒரு பிரிதலுக்கு 50 முதல் 200 எழுத்துகள் வரை இழப்பு. எழுத்து என்று நான் சொல்வது டிஎன்ஏ இழையின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வகைக் கண்ணிகளை.

முக்கியமான ஜீன்கள் ஓரத்தில் இருந்தால் சில தலைமுறைகளிலேயே கதை முடிந்துவிடும். அதனால் ஓரத்தில் அர்த்தமில்லாத ஒரு வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. மனிதரில் அது டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்து. பிறக்கும்போது ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 10,000 எழுத்து நீளத்துக்கு இதுவேதான். 46 குரோமோசோம், 92 முனை. இந்த முனைதான் டெலோமியர். அதன் மேல் ஆறு புரதங்கள் கூட்டாக உட்கார்ந்து, நுனியை வளைத்து உள்ளே செருகி மறைத்து வைத்திருக்கின்றன. ஏன் மறைக்க வேண்டும்? செல்லைப் பொறுத்தவரை திறந்து கிடக்கும் டிஎன்ஏ நுனி என்றால் குரோமோசோம் ஒடிந்துவிட்டது என்று பொருள். உடனே ஒட்டவைக்கும் ஆட்கள் வந்து, கிடைத்த இன்னொரு நுனியோடு ஒட்டிவிடுவார்கள். பார்பரா மெக்ளின்டாக் சோளத்திலும் ஹெர்மன் முல்லர் பழ ஈயிலும் 1930-களில் கவனித்தது இதைத்தான்: ஒடிந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டும், இயற்கையான முனைகள் ஒட்டுவதில்லை.

ஆனால் கருமுட்டையும் விந்தணுவும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றனவே, அங்கே மட்டும் ஏன் தேய்ந்து தீரவில்லை? இழப்பை யாரோ ஈடுகட்ட வேண்டும். அந்த யாரோவைத் தேடும் கதை குளத்துநீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரியில் தொடங்குகிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் குரோமோசோம்கள் உண்டு; முனைகளை ஆராய இதைவிட வசதியான உயிர் கிடைக்காது. எலிசபெத் பிளாக்பர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலின் ஆய்வகத்தில், அதன் முனையில் ஆறெழுத்து வரி திரும்பத் திரும்ப வருவதை 1978-ல் வெளியிட்டார். 1982-ல் அவரும் ஜாக் ஷோஸ்டாக்கும் அந்த முனைகளை ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் அவற்றைக் காப்பாற்றியது மட்டுமில்லாமல், அவற்றின் நுனியில் தன்னுடைய எழுத்துகளைச் சேர்த்தது. அப்படியானால் சேர்ப்பதற்கென்றே ஒரு நொதி இருந்தாக வேண்டும்.

பெர்க்லியில் பிளாக்பர்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த கரோல் கிரைடர் அதைத் தேடினார். டெட்ராஹைமீனாவின் சாற்றில் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டைப் போட்டு, கதிரியக்கக் குறியிட்ட எழுத்துகளைக் கொடுத்து, என்ன ஆகிறது என்று ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது சோதனை. 1984 கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்கு வந்து படச்சுருளை எடுத்தபோது, ஆறு எழுத்துக்கு ஒரு படி என்று சீராக மேலே ஏறும் பட்டைகள் தெரிந்தன. துண்டின் நுனியில் ஏதோ ஒன்று ஆறு ஆறாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. கட்டுரை 1985 டிசம்பரில் வந்தது. மூவருக்கும் 2009-ல் மருத்துவ நோபல். அதே ஆண்டு வேதியியல் பரிசு சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கும் கிடைத்ததால், நம்மில் பலர் டெலோமரேஸ் செய்தியைத் தாண்டிப் போயிருப்போம்.

நொதி வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. புரதப் பகுதிக்கு டெர்ட் என்று பெயர். அதோடு டெர்க் என்ற 451 எழுத்து நீள ஆர்என்ஏ ஒன்று சேர்ந்தே இருக்கும். அந்த ஆர்என்ஏவில் 11 எழுத்து கொண்ட ஒரு சிறு பகுதிதான் அச்சு வார்ப்பு. டெலோமியரின் நுனி அதில் பொருந்தி உட்காரும்; டெர்ட் எதிரே இருப்பதைப் பார்த்து ஆறு எழுத்தைச் சேர்க்கும்; கொஞ்சம் நகர்ந்து மறுபடி பொருத்தும், மறுபடி சேர்க்கும். ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதுவது எச்ஐவி வைரஸின் நொதி செய்யும் அதே வித்தை. உடம்பின் பெரும்பாலான செல்களில் டெர்க் இருக்கிறது, டெர்ட் இல்லை. கரு வளரும்போதே அந்த ஜீன் அடைக்கப்பட்டுவிடுகிறது. இனப்பெருக்கச் செல்களிலும் ரத்தம், தோல், குடல் ஆகியவற்றின் மூலச்செல்களிலும், வேலைக்குக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் செல்களிலும் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். மூலச்செல்களிலும்கூட இழப்பை முழுசாக ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. அதனால்தான் வயது ஏற ஏற ரத்த வெள்ளணுக்களின் டெலோமியர் குறைந்துகொண்டே வருகிறது.

இனி தேய்மானம் எல்லைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 92 முனைகளில் சிலது மிகக் குட்டையாகி மறைப்பை இழந்ததும், டிஎன்ஏ ஒடிந்துவிட்டது என்ற அபாய அறிவிப்பு எழும். பி53 என்ற புரதம் அதைக் கேட்டுப் பிரிதலை நிறுத்தும். செல் ஓய்ந்த நிலைக்குப் போய்விடும். ஓய்ந்த செல் சும்மா இருந்தால் பரவாயில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களை அக்கம்பக்கத்தில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வயதான திசுக்களில் இவை சேர்வது முதுமையின் கோளாறுகளில் சிலவற்றுக்குக் காரணம் என்பதற்கு எலிகளில் நல்ல ஆதாரம் உண்டு.

ஆனால் அந்த நிறுத்தம் எதற்காக என்று யோசித்தால் படம் திரும்பிவிடும். ஒரு செல் கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாமல் பிரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான கட்டியாக வளர அது பல மாற்றங்களைச் சேர்க்க வேண்டும், அதற்குள் ஏகப்பட்ட முறை பிரிந்தாக வேண்டும். டெலோமியர் தீர்ந்ததும் அது அங்கேயே நின்றுவிடும். நம் உடம்பில் எத்தனையோ மச்சங்கள் ஓரளவு வளர்ந்து நின்றுபோவதைப் பார்க்கிறோமே, அவற்றின் செல்கள் பெரும்பாலும் ஓய்ந்த செல்கள்தான். அங்கே வேலை செய்யும் நிறுத்தங்களில் பி16 என்ற இன்னொரு வழியும் உண்டு. டெலோமியர் மட்டுமே எல்லாவற்றையும் செய்வதில்லை.

பி53 போன்ற காவல்கள் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் செல் எல்லையைத் தாண்டியும் பிரியும். அப்போதுதான் உண்மையான களேபரம். மறைப்பில்லாத முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த பிரிதலில் இரண்டு பக்கமும் இழுபட்டு ஒடியும், மறுபடி ஒட்டும். ஜீன்கள் கலைந்து, சில இரட்டித்து, சில காணாமல் போகும். கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் செத்துப்போகும். கோடியில் ஒன்று தப்பிக்கும். தப்பித்தது பெரும்பாலும் டெலோமரேஸை மறுபடி திறந்துகொண்ட செல்லாக இருக்கும், கலைந்த குரோமோசோம்களின் பலனும் அதன் கையில் இருக்கும். ஆக, குட்டை டெலோமியர் புற்றுநோயைத் தடுக்கவும் செய்கிறது, மற்றக் காவல்கள் இல்லாத இடத்தில் அதைப் பிறப்பிக்கவும் செய்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

டெலோமரேஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஊர் அறியச் செய்தது 1994-ல் வந்த ஓர் அளவீடு. மிகச் சிறிதளவு நொதியையும் கண்டறியும் சோதனை ஒன்றை உருவாக்கி வரிசையாகப் பார்த்தார்கள். சாகாமல் பெருகும் 100 செல் வகைகளில் 98-ல் டெலோமரேஸ் இருந்தது. சாதாரணச் செல் வளர்ப்புகள் 22-ல் ஒன்றில்கூட இல்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த 101 கட்டி மாதிரிகளில் 90-ல் இருந்தது, சாதாரணத் திசு மாதிரிகள் 50-ல் எதிலும் இல்லை. பால்டிமோரில் 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை உலக ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்களிலும் இந்த நொதி சுறுசுறுப்பாக இருக்கிறது. மீதிக் கட்டிகள் என்ன செய்கின்றன? 10 முதல் 15 சதவீதம் புற்றுநோய்கள், குறிப்பாகச் சில எலும்புக் கட்டிகளும் மூளைக் கட்டிகளும், நொதியே இல்லாமல் ஒரு குரோமோசோமின் டெலோமியரைப் பார்த்து இன்னொன்று நகலெடுத்துக்கொள்ளும் குறுக்குவழியை வைத்திருக்கின்றன.

அடைத்த ஜீனைக் கட்டி எப்படித் திறக்கிறது? பல வழிகள் உண்டு, ஆனால் 2013-ல் தெரியவந்தது எல்லாவற்றிலும் வியப்பானது. டெர்ட் ஜீனின் புரதக் குறியீடு தொடங்கும் இடத்துக்கு 124 எழுத்து முன்னால் ஒரு சி, 146 எழுத்து முன்னால் இன்னொரு சி. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று டி ஆக மாறினால் போதும். புரதம் கொஞ்சமும் மாறாது. ஆனால் மாறிய எழுத்து அக்கம்பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்து, ஜீனை இயக்கும் ஒரு புரதம் வந்து உட்கார இடமாகிவிடுகிறது. முன்பு அங்கே அப்படி ஓர் இடமே கிடையாது. ஆய்வு செய்த 70 மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) கட்டிகளில் 50-ல் இந்த மாற்றம் இருந்தது. அப்புறம் மூளையின் கிளியோபிளாஸ்டோமாவிலும் சிறுநீர்ப்பைப் புற்றிலும் பெரும்பான்மையில் இதுவே கிடைத்தது. முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று. அதுவும் புரதத்துக்குக் குறியீடே இல்லாத பகுதியில். அதுவரை புற்றுநோய் மாற்றங்களை எல்லாரும் புரதம் எழுதும் பகுதியிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் டெலோமரேஸ் புற்றுநோயை உண்டாக்குகிறதா? தனியாக இல்லை. 1998-ல் சாதாரண மனிதச் செல்களுக்குள் டெர்ட் ஜீனை மட்டும் செலுத்தினார்கள். அவை ஹேஃப்ளிக் வரம்பைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போயின, முதுமையின் அடையாளம் இல்லை. ஆனால் புற்றுச் செல்லாகவும் ஆகவில்லை. அளவோடு வளர்ந்தன, இடம் நிரம்பியதும் நின்றன, குரோமோசோம்கள் ஒழுங்காக இருந்தன. மறு ஆண்டு ராபர்ட் வைன்பர்க்கின் குழு டெர்ட்டோடு பி53-ஐ முடக்கும் ஒரு வைரஸ் ஜீனையும், ராஸ் என்ற வளர்ச்சி ஜீனின் கெட்ட வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தச் செல்கள் எலிகளில் கட்டியாக வளர்ந்தன. ஆகவே டெலோமரேஸ் தீ வைப்பதில்லை. வேறு காரணத்தால் கெட்டுப்போன செல்லுக்கு வாய்தா வாங்கிக் கொடுக்கிறது. அறுபது வயது உடம்பில் அப்படிப் பாதி கெட்ட செல்கள் ஏராளம் இருக்கும் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

"ஆனால் எலிகளில் முதுமையைத் திருப்பிவிட்டார்களே" என்று கேட்பீர்கள். 2010 நவம்பரில் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. ஹார்வர்டில் ரொனால்ட் டிபினோவின் குழு டெலோமரேஸ் இல்லாத எலிகளைத் தலைமுறைகளாக வளர்த்து, டெலோமியர் தேய்ந்து சுருங்கிய விதைப்பை, மண்ணீரல், கெட்டுப்போன குடல், மங்கிய மோப்பம் எல்லாம் வந்த பிறகு நொதியை நான்கு வாரம் திறந்துவிட்டது. உறுப்புகள் கணிசமாக மீண்டன. அழகான ஆய்வு. ஆனால் அவை இயல்பாக வயதான எலிகள் இல்லை. நொதியைப் பிடுங்கி நோயாளியாக்கிய எலிகள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் தேறுவதில் ஆச்சரியம் என்ன? ஸ்பெயினில் மரியா பிளாஸ்கோவின் குழு 2012-ல் சாதாரண எலிகளுக்கே டெர்ட் ஜீன் சிகிச்சை கொடுத்து, ஒரு வயது எலிகளின் சராசரி ஆயுளை 24 சதவீதமும் இரண்டு வயது எலிகளுக்கு 13 சதவீதமும் கூட்டியது, புற்றுநோய் கூடவில்லை. இதை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. ஆனாலும் எலியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், அதன் பல திசுக்களில் டெலோமரேஸ் ஏற்கெனவே வேலை செய்கிறது. அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு, பெரும்பாலும் சாவது புற்றுநோயால். நீளமான டெலோமியர் இருந்தால் நீண்ட ஆயுள் என்ற கணக்கு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

உயிரியலாளர் வேரா கோர்புனோவா 15 வகைக் கொறிவிலங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். டெலோமரேஸ் அடைக்கப்பட்டிருப்பது ஆயுளோடு பொருந்தவில்லை, உடல் எடையோடு பொருந்தியது. பீவர், கேப்பிபாரா போன்ற பெரிய உடம்புக்காரர்கள் நொதியை அடைத்து வைத்திருக்கிறார்கள். உடம்பு பெரிதானால் செல்கள் அதிகம், செல்கள் அதிகமானால் எங்காவது ஒன்று கெட வாய்ப்பு அதிகம். நான் தொடக்கத்தில் காவல் என்று சொன்னதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் இது.

மனிதரில் சோதனை செய்ய முடியாது, ஆனால் இயற்கையே இரண்டு பக்கமும் செய்து வைத்திருக்கிறது. பிறவியிலேயே டெலோமரேஸ் குறைவாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்ற நோயில் நகம் சிதையும், கழுத்துத் தோலில் வலைபோல் நிறம் படரும், வாயில் வெள்ளைத் திட்டு வரும், பிறகு எலும்பு மஜ்ஜை வற்றும். காரணம் டெலோமரேஸோடு சேர்ந்திருக்கும் ஒரு புரதத்திலோ, டெர்ட், டெர்க் ஜீன்களிலோ உள்ள பழுது. குறைபாடு லேசாக இருந்தால் குழந்தைப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. நடு வயதில் நுரையீரல் நார்பாய்ந்து இறுகும். குடும்பங்களில் வருவது ஒரு விசித்திரமான வரிசையில்: தாத்தாவுக்கு அறுபதில் மூச்சுத்திணறல், மகளுக்கு நாற்பதில் மஜ்ஜைக் குறைபாடு, பேரனுக்கு அதைவிடச் சின்ன வயதில். ஜீன் பழுது மட்டுமின்றிக் குட்டையான டெலோமியரும் சேர்ந்தே வாரிசாக வருவதால் தலைமுறைக்குத் தலைமுறை முந்துகிறது. ரத்தமும் நுரையீரலும் இப்படி முதலில் கெடுகின்றன. ஆனால் மூளை மறதி, கண்புரை போன்ற முதுமையின் மற்ற முகங்கள் இவர்களுக்குச் சீக்கிரம் வருவதில்லை. முதுமையில் டெலோமியரின் பங்கு ஒரு பகுதிதான் என்று சொன்னது இதனால்தான்.

மறுபக்கம், டெலோமியரை அளவோடு வைக்கும் பாட்-1 என்ற புரதம் பழுதான குடும்பங்கள். இவர்களுக்கு டெலோமியர் மிக நீளம். 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களை விவரமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். சிலருக்கு எழுபதை நெருங்கியும் தலை நரைக்கவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தைராய்டு கட்டி, மெலனோமா, ரத்தப் புற்று என்று ஒருவருக்கே பல கட்டிகள். ரத்தத்தில் ஒரே மூலச்செல்லின் வாரிசுகள் ஆக்கிரமித்து நிற்பதும் வழக்கத்தைவிட அதிகம். நோயாளிகளின் ஜீன்களையும் நோயில்லாதவர்களின் ஜீன்களையும் லட்சக்கணக்கில் ஒப்பிட்ட 2017 ஆய்வும் இதே திசையைக் காட்டியது: பிறவியில் டெலோமியர் கொஞ்சம் நீளமாக அமைந்தவர்களுக்கு மூளைக் கட்டி, மெலனோமா, ஒருவகை நுரையீரல் புற்று ஆகியவை அதிகம், இதய ரத்தக்குழாய் நோய் குறைவு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு செலவு இருக்கிறது.

டெலோமரேஸை அடக்கிப் புற்றுநோயைக் குணப்படுத்தலாமே என்று முப்பது ஆண்டுகளாக முயல்கிறார்கள். எதிர்பார்த்த வேகத்தில் பலன் வரவில்லை. நொதியை நிறுத்தினாலும் கட்டிச் செல்லின் டெலோமியர் தேய்ந்து தீரப் பல பிரிதல்கள் வேண்டும். அதுவரை கட்டி வளரும். டெலோமரேஸைக் குறிவைத்த ஒரு தடுப்பூசியைக் கணையப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். ஆயுள் நீளவில்லை என்று 2014-ல் முடிவு வந்தது. கடைசியில் கரை சேர்ந்தது இமெடல்ஸ்டாட் என்ற மருந்து. டெர்க் ஆர்என்ஏவின் வார்ப்புப் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும் 13 எழுத்துத் துண்டு அது. மயலோடிஸ்பிளாசியா என்ற மஜ்ஜை நோயில், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியவர்களில் 39.8 சதவீதம் பேர் எட்டு வாரமாவது ரத்தம் ஏற்றாமல் இருக்க முடிந்தது, ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம். அமெரிக்காவில் 2024 ஜூனில் அனுமதி கிடைத்தது. பக்கவிளைவு வெள்ளணுவும் தட்டணுவும் குறைவது. நல்ல மூலச்செல்லுக்கும் கொஞ்சம் டெலோமரேஸ் வேண்டும் என்று மேலே சொன்னது நினைவிருக்கும்.

இனி மாத்திரை. பெரும்பாலானவை அஸ்ட்ராகலஸ் என்ற சீன மூலிகையின் சாறு. செல் வளர்ப்பில் டெலோமரேஸைச் சற்றுத் தூண்டுவதாகக் காட்டியிருக்கிறார்கள். மனிதர் அதைச் சாப்பிட்டு முதுமை தள்ளிப்போனது என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. இப்படி விற்ற ஒரு நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018-ல் நடவடிக்கை எடுத்தது. என் வாதம் எளிமையானது: மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் காசு வீண். உண்மையிலேயே உடம்பு முழுக்க வேலை செய்தால், நான் அதை இன்னும் தள்ளியே வைப்பேன்.

"உங்கள் உயிரியல் வயது" என்று டெலோமியர் அளந்து தரும் பரிசோதனைகளுக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒரே வயதுள்ள ஆரோக்கியமான இருவருக்கு நடுவே பெரிய வித்தியாசம் இயல்பாகவே இருக்கும். அது பெரும்பாலும் பிறக்கும்போதே அமைவது. ரத்தத்தில் அளப்பது எந்தவகை வெள்ளணு அதிகம் என்பதைப் பொறுத்தும் ஆடும். நாசாவின் ஸ்காட் கெல்லி ஏறத்தாழ ஓராண்டு விண்வெளியில் இருந்தபோது அவருடைய டெலோமியர் நீண்டது. பூமிக்கு வந்த சில நாளில் சட்டென்று குறைந்தது. அங்கே இளமையாகி இங்கே கிழவரானார் என்று யாரும் சொல்வதில்லை. புகைப்பழக்கத்தைக் கைவிடுவது, நடப்பது, நன்றாகத் தூங்குவது எல்லாம் டெலோமியரோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அவற்றைச் செய்ய டெலோமியர் என்ற காரணமே தேவையில்லை.

இந்த அளவீடு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் வேறு. காரணம் தெரியாமல் மஜ்ஜை வற்றியவர்கள், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நுரையீரல் இறுகியவர்கள், அதோடு இருபது வயதுக்குள் தலை நரைத்தவர்கள் அல்லது காரணமில்லாமல் ஈரல் சுருங்கியவர்கள். இவர்களுக்கு வெள்ளணு வகை பிரித்து அளக்கும் மருத்துவமனைச் சோதனையும் ஜீன் சோதனையும் சிகிச்சையையே மாற்றிவிடும். மஜ்ஜை மாற்று செய்வதாக இருந்தால் வழக்கமான கடும் கீமோவையும் கதிர்வீச்சையும் இவர்கள் உடம்பு தாங்காது, குறைந்த அளவில் கொடுக்க வேண்டும். நுரையீரலுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். தம்பியின் மஜ்ஜை பொருந்துகிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன், அதே ஜீன் பழுது தம்பிக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். வெளியே நோய் தெரியாத தம்பியின் மூலச்செல்களும் ஏற்கெனவே தேய்ந்தவையாக இருக்கக்கூடும்.